1934-இல் சொன்னார்கள், நிறுவவில்லை

எஸ்.எல்.n வகை லீ இயற்கணிதங்களின் (தொடர்ச்சியான சமச்சீர்மைகளை விவரிக்கும் கணித அமைப்புகளின்) இரு உருவகிப்புகளை, அதாவது அவற்றை அணிகளாக எழுதும் இரு வழிகளை, பெருக்கினால் என்னென்ன உருவகிப்புகள் கிடைக்கும் என்பதைக் கட்டங்களில் எண்களை நிரப்பும் வழிகளை எண்ணியே சொல்லும் லிட்டில்வுட்–ரிச்சர்ட்சன் விதியை அவ்விருவருமே 1934-இல் நிறுவிவிட்டதாக ஒரு கூற்று பரவி வருகிறது. அது தவறு. அவர்கள் விதியை வெளியிட்டார்கள். எளிய சில வகைகளுக்கு மட்டுமே நிறுவினார்கள். 1938-இல் ராபின்சன் தந்த நிறுவலிலும் இடைவெளிகள் இருந்தன. முழுமையான நிறுவல்கள் 1970-களில்தான், தாமஸ், ஷூட்சன்பெர்ஜே ஆகியோரிடமிருந்து வந்தன.

விதி பார்வைக்கு எளிது என்பதால்தான் இந்தக் குழப்பம். 3×3 அணிகளாலான எஸ்.எல்.3-இன் 8 பரிமாண உருவகிப்பை அதனுடனேயே பெருக்கினால் அதே உருவகிப்பு எத்தனை முறை வரும்? விதிப்படி, பக்கத்தோடு பக்கம் ஒட்டாத மூன்று கட்டங்களில் 1, 1, 2 ஆகியவற்றை இட வேண்டும். மேலிருந்து கீழாகப் படிக்கையில் எந்த இடத்திலும் 2-களின் எண்ணிக்கை 1-களை விஞ்சக் கூடாது. 112 சரி, 121 சரி, 211 கூடாது. ஆகவே இரண்டு முறை. விரல்விட்டு எண்ணிவிடலாம், ஆனால் எல்லா வடிவங்களுக்கும் இது ஏன் பொருந்துகிறது என்று காட்டுவது வேறு வேலை. அந்த நாற்பதாண்டு உழைப்பை மறைப்பது அநியாயம். கண்டவர்களுக்கு உரிய பெருமையும் நிறுவியவர்களுக்கு உரிய பெருமையும் தனித்தனியே சேரட்டும்.