புற்றுநோய்க் கதிர்வீச்சு சிகிச்சைக்கு நடுவில் ஒரு வாரம் லீவு எடுக்கலாமா?

“தொண்டை எரிந்தால் கதிர்வீச்சை ஒரு வாரம் நிறுத்தலாம், மொத்தத் தடவை குறையாவிட்டால் போதும்” என்று பெங்களூரு அல்சூர்ப் பக்கத் தமிழர்களின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

ஆரம்பநிலை குரல்நாண் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் வாரம் 5 நாள், 28 முதல் 33 தடவை கொடுப்பார்கள். சனி, ஞாயிறு ஓய்வு அந்தக் கணக்கிலேயே சேர்ந்தது. அதற்கு மேல் இடைவெளி விழுந்தால் மிச்சமிருக்கும் புற்றணுக்கள் மளமளவென்று பெருகும். நோய் திரும்பும் வாய்ப்பு கூடும்.

எதிர்வீட்டுப் பெரியவர் நாலாவது வாரத்தில் கஞ்சிகூட இறங்காமல், கதிர்வீச்சின்போது தலை அசையாமலிருக்க மாட்டும் வலை முகமூடியின் தடம் கன்னத்தில் பதிந்தபடி தினமும் வீடு திரும்புவார். அவரைப் போன்றவர்களுக்கு அந்த வாட்ஸ்அப் செய்தியை அனுப்பிவிடாதீர்கள்.

வலிக்கு மருந்து உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள். சரி, பண்டிகையிலோ மெஷின் பழுதிலோ ஒரு நாள் போய்விட்டால்? சனிக்கிழமை வரச்சொல்லியோ, ஒரே நாளில் குறைந்தது 6 மணி நேரம் விட்டு இருமுறை கொடுத்தோ மருத்துவர்களே ஈடுகட்டுவார்கள்.