உறுமுற நாயை மல்லாத்தி அமத்தாதேங்கோ

“உறுமினால் மல்லாத்தி அமத்துங்கோ, ஓநாய்த் தலைவன் அப்பிடித்தான் செய்யும்” எண்டு சிலபேர் சொல்லுறது பிழை. அந்தக் கதை, அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து 1947இல் வெளிவந்த ஆய்விலிருந்து வந்தது. காட்டில் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தகப்பன், குட்டிகள் உள்ள குடும்பம்தான் எண்டு ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மீச் 1999இலேயே திருத்திவிட்டார்.

உறுமல் எச்சரிக்கை. அதை அடித்து நிப்பாட்டினால் பயம் போகாது, அடுத்தமுறை சத்தமில்லாமல் கடிக்கலாம். அதுக்கு முன்னமே கவனியுங்கோ: வாய் இறுகும், மூக்கை நக்கும், கண்ணோரம் வெள்ளை தெரியும், உடம்பு கட்டைபோல விறைக்கும். உயர்த்தின வால் விறைப்பாய் ஆடினால் அதுவும் நட்பில்லை.

வளவில் கட்டின நாய் சாப்பாட்டில் உறுமினால் தட்டைப் பறிக்காதேங்கோ. இரண்டு மீற்றர் தள்ளி நிண்டு அவித்த இறைச்சித் துண்டொண்டை எறிஞ்சிட்டு விலகுங்கோ. நாயின்ர உடம்பு விறைக்காமல் தளர்ந்திருக்கிற நாளில் மட்டும் அரை அடி கிட்டப் போகலாம். பிள்ளையளை இதுக்குள்ள விடவே வேண்டாம்.