மெல்லக் கசியும் காற்று

பலகைமேல் நிற்பவரைத் தண்ணீரில் இழுத்துச் செல்லும் காற்றடைத்த பட்டம் (கைட்சர்ஃபிங் பட்டம்) ஒரேயடியாக வெடித்துத் தொலைத்தால்கூடப் பரவாயில்லை, கிழிசல் கண்ணுக்குத் தெரியும். இந்த மெதுவான கசிவுதான் உயிரை வாங்குகிறது. இலங்கையின் கல்பிட்டிக் களப்பில் தென்மேற்குக் காற்று அள்ளி வீசுகிறது. நானோ கரையில் சோப்பு நீரும் பஞ்சுமாக வால்வு வால்வாகத் தடவிக்கொண்டிருக்கிறேன்.

பட்டத்தின் காற்றுக் குழல்களை இணைக்கும் சிறு குழாய்களின் கவ்விகளை மூடி, இரவு முழுக்க விட்டுப் பார்க்க வேண்டும். காலையில் எது துவண்டு கிடக்கிறதோ அதுதான் குற்றவாளி. முன்விளிம்பில் ஓடும் பெரிய குழல் என்றால் தலைவிதி. உறையிலிருந்து காற்றுத் தங்கும் உள்பையை உருவியபின் அதை இறுக்கமாக ஊதவும் கூடாது. பிடிமானம் இல்லாமல் அந்த மெல்லிய படலம் உப்பிப் பாழாகும். தளர்வாக ஊதினாலோ ஊசிமுனைத் துளை வாயே திறப்பதில்லை! தண்ணீருக்குள் அழுத்தி, சாண் சாணாக நகர்த்தினால், கடுகளவில் ஒரு குமிழி வருகிறது. துடைத்துவிட்டுப் பேனாவால் வட்டமிடுவதற்குள் இடம் மறந்துபோகிறது.

ஒட்டுப் போடுவது சின்ன வேலை: ஆல்கஹாலால் துடைத்து, காயவிட்டு ஒட்டினால் போதும். ஆனால் திரும்ப உறைக்குள் நுழைக்கையில் ஒரு முறுக்கு விழுந்தால் மறுபடியும் சனியன்.

வால்வின் அடிப்பசை விட்டுப்போய்விட்டதென்று கடையில் சொன்னால், “வெயிலில் வைத்தீர்களா?” என்று கேட்கிறார்கள். கடற்கரையில் வேறு எங்கே வைப்பதாம்?