அந்த ஒற்றை மூலக்கூறு கணக்கு வேறு கிராஃபீனுடையது

"லேசரில் செய்த கிராஃபீன் பட்டை எந்த வாயுவையும் ஒரே மூலக்கூறு அளவில் கண்டுபிடித்துப் பெயர் சொல்லிவிடும்" என்று எழுதியிருக்கிறீர்கள்; அது மலிவு, வளையும் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். கிராஃபீன் என்பது கார்பன் அணுக்கள் ஒரே அடுக்காகக் கோத்த தாள். இங்கே இரண்டு வேறு சங்கதிகள் கலந்துவிட்டன.

ஒற்றை மூலக்கூறு சோதனை 2007-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்தது. கிராஃபைட்டிலிருந்து உரித்தெடுத்த மெல்லிய படலம், ஆய்வகச் சூழல். லேசர் கிராஃபீன் வந்ததோ 2014-இல், அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் ஜேம்ஸ் டூர் குழுவிடமிருந்து. பாலிஇமைடு என்ற வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக் படலத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரை ஓட்டினால், மஞ்சள் பரப்பில் கதிர் போன தடமெல்லாம் கறுப்பாகப் பொங்கி நிற்கும். அது ஓரணுத் தடிமன் தாள் அல்ல. பல அடுக்குள்ள, துளைகள் நிறைந்த நுரை.

பெயர் சொல்லும் கதையும் அப்படித்தான். நைட்ரஜன் டை ஆக்சைடு பட்டையிலிருந்து எலக்ட்ரானை இழுத்தால் அதன் மின்தடை இறங்கும், அம்மோனியா எலக்ட்ரானைக் கொடுத்தால் ஏறும். கருவிக்குத் தெரிவது அந்த ஏற்ற இறக்கம் மட்டுமே. காற்றின் ஈரப்பதம் மாறினாலும் எண் நகரும். ஏன், பட்டையை வளைத்தாலே நகரும். இதே பொருளை இழுவிசை உணரியாகவும் பயன்படுத்துகிறார்களே! குறிப்பிட்ட வாயுவைப் பிரித்தறிய மேலே உலோக ஆக்சைடு போன்ற பூச்சு வேண்டும், அல்லது பல உணரிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மலிவு, வளையும் என்று நீங்கள் சொன்னது மட்டும் சரி.