சங்கரனை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?
ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் தொண்டு அமைப்புகளுக்கு வெறும் முகப்பு அலங்காரம் என்று இந்தக் கட்டுரை ஒரே போடாகப் போடுகிறது. பலர் விஷயத்தில் அது உண்மைதான். நான் கணக்கெழுதிய அறக்கட்டளையின் தலைவரும் காசோலையில் கையெழுத்திட மட்டுமே வந்து போவார். ஆனால் எஸ்.ஆர். சங்கரன்? தமிழ்நாட்டில் பிறந்து ஆந்திரத்தில் ஐ.ஏ.எஸ். அதிகாரியாகப் பணியாற்றிய அவர், 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தை உண்மையாகவே அமல்படுத்தப் போய் முதல்வர் சென்னா ரெட்டியின் கோபத்துக்கு ஆளானார். பிறகு திரிபுராவில் தலைமைச் செயலாளர், தில்லியில் ஊரக வளர்ச்சித் துறைச் செயலாளர். ஓய்வுக்குப் பின்தான் செயற்பாட்டாளர் பெசவாடா வில்சனோடு சேர்ந்து, கையால் மலம் அள்ளும் முறையை ஒழிக்கப் போராடும் சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் என்ற இயக்கத்தை வளர்த்தார். அந்த அமைப்பு 2003இல் உச்ச நீதிமன்றம் சென்றபோது, தங்களிடம் கையால் மலம் அள்ள வேண்டிய உலர் கழிப்பிடங்களே இல்லை என்று மாநில அரசுகள் கூசாமல் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தன. புகைப்படங்களையும் கணக்கெடுப்பையும் வைத்து இயக்கத்தினர் அதை மறுத்தார்கள். அரசுக் கோப்பில் பொய் எப்படி எழுதப்படும் என்று உள்ளிருந்தே அறிந்தவர் இத்தகைய போராட்டத்தில் அலங்காரமா, ஆயுதமா? மேலே பின்னூட்டத்தில் ஒருவர் சங்கரனை நக்சல் ஆதரவாளர் என்கிறார். 1987இல் கிழக்கு கோதாவரியில் நக்சலைட்டுகள் கடத்திய அதிகாரிகளில் சங்கரனும் ஒருவர், ஐயா! 2004இல் அவர்களையும் அரசையும் பேச்சுவார்த்தைக்கு அழைத்து வந்ததும், இரு தரப்பு வன்முறையையும் கண்டித்ததும் அவர் தலைமையிலான குழுதான்.