வெள்ளம் வடிந்துவிட்டது, வீதியைக் காணவில்லை

வெள்ளத்தின்போது மூதூர்ப் பக்கத்து வீதித் துண்டு ஒன்றை, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன் ஸ்ட்ரீட் மேப்பிலிருந்து ஒருவர் அழித்துவிட்டார். "வெள்ளம், வீதி இல்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டு அழித்திருக்கிறார். தண்ணீர் வடிந்து பஸ்ஸும் ஓடுகிறது, வரைபடத்தில் இன்னும் வீதி இல்லை. கேட்டால், நல்லதுக்குத்தானே செய்தேன் என்கிறார். அவருடைய எண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வெள்ளம் வந்தபோதும் வீதி அங்கேதான் இருந்தது, தண்ணீருக்குக் கீழே.

கூகுளில் மூடின வீதியைக் காட்டுகிறார்களே, இதில் ஏன் கூடாது என்று கேட்கிறார்கள். கூகுளில் மூடல் என்பது வீதிக்கு மேலே வைக்கிற தனித் தகவல். எடுத்துவிட்டால் வீதி பழையபடி இருக்கும். நம்முடைய வரைபடத்தில் நீங்கள் தொடுவது அடித்தரவையே. ஒரு ஆள் வந்து திருப்பி மாற்றும்வரை அது அப்படியே கிடக்கும். அதோடு, நிலாவெளிக்கு வருகிற வெளிநாட்டுக்காரர் பலர் நம்முடைய தரவிலிருந்து செய்த ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்மாண்ட் ஆகிய செயலிகளின் வரைபடத்தைக் கைபேசியில் இறக்கிவைத்துப் பார்க்கிறவர்கள். ஓஸ்மாண்டின் வழமையான கோப்பு மாதத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகிறது. நாலு நாள் வெள்ளம் அவர்களுடைய கையில் மாதக்கணக்கில் நிற்கும். வெள்ளம் நடக்கும்போதோ அவர்களுக்கு அது தெரியவே வராது. ஆக, உதவ வேண்டிய நாளில் உதவாமல், தேவையில்லாத நாளில் வழியை மறிக்கிறது.

அழிப்பதால் என்னவெல்லாம் போகிறது என்று பாருங்கள். வரைபடத்தில் வீதி என்பது தனி எண் கொண்ட ஒரு கோடு. அழித்ததும் அந்த எண்ணும் திருத்த வரலாறும் அதோடு நின்றுவிடுகின்றன, புதிதாக வரைகிற கோட்டுக்கு அவை வராது. பஸ் போகிற துண்டுகளைக் கோத்து வைத்திருக்கும் வழித்தடத் தொடர்பு நடுவில் அறுகிறது. கிளை ஒழுங்கைகள் எதிலும் சேராமல் தொங்குகின்றன. பிறகு யாராவது செய்மதிப் படத்தைப் பார்த்துப் புதிதாகக் கோடு இழுப்பார். பழைய சந்திப் புள்ளிகளில் ஒட்டாமல் மேலால் இழுத்தால் கண்ணுக்குச் சேர்ந்ததுபோலத் தெரியும், வழிகாட்டும் செயலி மட்டும் அந்த ஒழுங்கைக்குள் திரும்பவே மாட்டாது. இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது மகா சிரமம்.

செய்ய வேண்டியது கடினமில்லை. சில நாள் மூடல் என்றால் தரவைத் தொடாமல் வரைபடத்தில் ஒரு குறிப்புப் போடுங்கள், அதற்குக் கணக்குக்கூடத் தேவையில்லை. சில வாரம் போகும், முடிவுத் திகதியும் தெரியும் என்றால், மூடிய துண்டின் இரண்டு முனையிலும் கோட்டைப் பிரித்து, அந்தத் துண்டுக்கு மட்டும் மோட்டார் வாகனம் எப்போது போகலாம் என்று சொல்கிற 'மோட்டார் வெஹிக்கிள் கண்டிஷனல்' (motor_vehicle:conditional) குறிச்சொல்லில் 'நோ' போட்டு, @ குறிக்குப் பின்னால் அடைப்புக்குள் தொடக்கத்தையும் முடிவையும் எழுதுங்கள். ஆண்டை விடவே கூடாது. விட்டால் ஒவ்வொரு வருஷமும் அதே திகதியில் வீதி மூடும். எல்லாச் செயலிகளும் இதைப் படிப்பதில்லைதான். படிக்காத செயலிக்காக வீதியை அழிப்பதா?

மூன்று மாதத்துக்கு மேல் போகிற வேலை வேறு கதை, அதை வரையத்தான் வேண்டும். கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணிப் பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தபோது சனம் மிதப்புப் பாதையில்தான், அதாவது ஆட்களை ஏற்றித் தண்ணீரைக் கடக்கும் மிதவையில்தான், போய்வந்தது. 2021 நவம்பர் 23ஆம் திகதி அது கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளும் செத்துப்போனார்கள். அப்படியான இடத்தில் பாலத்தைக் 'கட்டுமானத்தில்' என்று மாற்றி, மிதப்புப் பாதையை எது ஏறலாம், எது ஏறக்கூடாது என்ற குறியோடும் பார்த்த திகதியோடும் போட வேண்டும். அங்கேயும் அழிக்க ஒன்றும் இல்லை.

"உயிர் போகிற நேரத்தில் தரவுச் சுத்தம் பார்க்கிறீர்களோ" என்று ஒருவர் எழுதியிருந்தார். அது எனக்குச் சுட்டது. வெள்ள நேரத்தில் வீதி நிலவரத்துக்கு 117க்கு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு அழையுங்கள், அம்புலன்ஸுக்கு 1990. அந்த நேரத்தில் எங்கள் வரைபடத்தை நம்பி யாரும் தண்ணீருக்குள் இறங்கக்கூடாது. தண்ணீர் வடிந்த பிறகு நிவாரண லொறிக்கு ஒழுங்கை தேவைப்படும்போதுதான் வரைபடம் வேண்டும். அப்போது வீதி அங்கே இருக்க வேண்டும். இதுவும் உயிர் விஷயம்தான்.

சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறேன் என்கிறவர்களுக்குப் பதில் சொல்ல மாட்டேன்.

எனக்கு உண்மையில் வலிப்பது வேறு. அந்த வீதிக்குத் தமிழ்ப் பெயர் இருந்தது. ஊர்ச் சனத்திடம் கேட்டு, பலகையைப் பார்த்து, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தனித்தனியாக ஆட்கள் போட்டது. தார் வீதியா கிரவலா, எங்கே ஒடுங்குகிறது, மதகு எங்கே என்று நடந்து பார்த்து எழுதியது. செய்மதிப் படத்தில் ஒழுங்கையின் பெயர் தெரியாது. தூரத்தில் இருந்து ஒருவர் புதுக் கோடு இழுத்தால் அது பெயர் இல்லாத வெறும் கோடு. எங்கள் பக்கத்து ஊர்கள் வரைபடத்தில் பெயரோடு நிற்கவே எவ்வளவு காலம் எடுத்தது!

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தயவுசெய்து யாரும் அந்த வீதியைப் புதிதாக வரைய வேண்டாம். அழித்த திருத்தத்தொகுப்பு, அதாவது அவர் ஒரே தடவையில் ஏற்றிய மாற்றங்களின் பதிவு, அப்படியே இருக்கிறது. ஜோசம் (JOSM) என்கிற வரைபடம் திருத்தும் மென்பொருளில் மீளமைப்புச் செருகுநிரலைப் போட்டு அந்தத் தொகுப்பின் எண்ணைக் கொடுத்தால் பழைய கோடு அதே எண்ணோடும் பெயர்களோடும் திரும்ப வரும். முரண்பாடு காட்டினால் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காமல், இடையில் யாராவது அந்தப் புள்ளிகளை நகர்த்தியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள். முடிந்ததும் பஸ் வழித்தடத்தில் அந்தத் துண்டு திரும்பச் சேர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.