சமநிலை அல்ல, ஓயாத வீழ்ச்சி

மையத்தை நோக்கி இழுக்கும் மையநோக்கு விசையும் வெளியே தள்ளுவதாகத் தோன்றும் மையவிலக்கு விசையும் ஒன்றையொன்று சமன் செய்வதால்தான் செயற்கைக்கோள்கள் கீழே விழாமல் சுற்றுகின்றன என்று செயற்கைக்கோள் பற்றிய ஒரு கட்டுரையில் அதன் ஆசிரியர் எழுதியிருப்பது திருத்தப்பட வேண்டியது. தரையிலிருந்து பார்க்கும் நமக்கு விசைகள் சமனாகியிருந்தால், நியூட்டனின் முதல் விதிப்படி செயற்கைக்கோள் வளையாமல் நேர்கோட்டில் போய்விடும்.

பன்னாட்டு விண்வெளி நிலையத்தை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 400 கி.மீ. உயரத்திலும் பூமியின் ஈர்ப்பு, தரையில் உள்ளதில் சுமார் 90 விழுக்காடு இருக்கிறது (அங்கே ஈர்ப்பே இல்லை என்று இன்னமும் பலர் எழுதுவது தனிக்கதை). நொடிக்கு ஏறக்குறைய 7.7 கி.மீ. வேகத்தில் செல்லும் அந்நிலையம், ஒரு நொடியில் தன் நேர்கோட்டுப் பாதையிலிருந்து சுமார் 4.3 மீட்டர் பூமியை நோக்கி விழுகிறது, அந்த 7.7 கி.மீ. தொலைவுக்குள் பூமியைச் சுற்றிய வட்டமும் அதே அளவு வளைந்துவிடுவதால், மெல்லிய காற்றின் உராய்வை ஒதுக்கிப் பார்த்தால், உயரம் குறைவதில்லை. வேகத்தின் இருமடியைப் பாதையின் ஆரத்தால் (பூமியின் மையத்திலிருந்து நிலையம் வரையுள்ள தொலைவால்) வகுத்துப் பார்த்தாலும் அவ்வுயரத்து ஈர்ப்பு முடுக்கமே கிடைக்கும். நிலையத்தின் நிறை இக்கணக்கில் எங்கும் வராது.

மையவிலக்கு விசையே தேவையில்லை என்பதல்ல என் வாதம். சுழலும் குறிப்பாயத்துக்குள் (அதாவது, செயற்கைக்கோளோடு சேர்ந்து சுழலும் பார்வையிடத்தில்) நின்று கணக்கிடுவோர் அந்தப் போலி விசையைச் சேர்த்தே ஆக வேண்டும். எந்தக் குறிப்பாயத்திலிருந்து பேசுகிறோம் என்று சொல்லாமல் விடுவதில்தான் சிக்கல். கயிற்றில் கட்டிச் சுழற்றும் கல், கயிறு அறுந்தால் மையத்துக்கு நேர் எதிரே பறக்கும் என்ற அக்கட்டுரையின் வரியும் இக்குழப்பத்தில் வந்ததே. அறுந்த கணத்தில் கல் ஆரத்துக்குச் செங்குத்தான தொடுகோட்டில்தான் கிளம்பும்.